மருமகள் கேட்ட கைத்துப்பாக்கி

பட்டிப்பொலப் புகையிரத நிலையத்தில் இறங்குகிற எவரையும் முதலில் வரவேற்பது குளிர்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், இலங்கைப் புகையிரத நிலையங்களுள் மிக உயரமானது என்ற பெருமையோடு அது நிற்கிறது. அங்கிருந்து ஒஹியாவை நோக்கிச் சிறிது தூரம் சென்றால் புகையிரதப் பாதையின் உச்சியையே கண்டுவிடலாம். சுற்றிலும் உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் விளையும் பாத்திகள். அவற்றுக்கு அப்பால் காடு. பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் வருபவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

சென்ற மாதம் என் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகள், அதாவது என் மருமகள், ஓர் ஆசிரியை. காலையில் புகையிரதமேறிப் பாடசாலைக்குச் சென்று மாலையில் திரும்புகிறாள். வண்டி குறித்த நேரத்துக்கு வருவது அருமை. இறங்கிய பின்னர் தண்டவாள ஓரமாகவும் காய்கறித் தோட்டங்களின் ஊடாகவும் அரை மணி நேரம் நடந்தால்தான் லயத்தை அடையலாம். அந்த வழியில் விளக்கு இல்லை.

இராச் சாப்பாடு முடிந்ததும் கைத்தொலைபேசியை என் முன் நீட்டினாள். அதில் ஓர் அழகிய சிறு கைத்துப்பாக்கி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. “பெண்களுக்கு மிகவும் ஏற்றது” என்று அதன் கீழே எழுதியிருந்தது.

“மாமா, எனக்கு இப்படி ஒன்று வேண்டும். சுட்டுப் பழக்கமில்லாத ஒரு பெண் வாங்குவதென்றால் எதை வாங்க வேண்டும்? நீங்கள்தான் பத்திரிகையில் எல்லாவற்றையும் பற்றி எழுதுகிறீர்களே!” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று வாரங்களாக ஒரு மனிதன் நிலையத்திலிருந்து தன்னைப் பின்தொடர்ந்து வருவதாகவும், ஒரு நாள் பனியில் மிக நெருங்கி வந்துவிட்டதாகவும், தான் ஓடி வந்து வீட்டில் ஒன்றும் சொல்லாமல் படுத்துக்கொண்டதாகவும் கூறினாள். சொன்னால் வேலையை விட்டுவிடு என்பார்களே என்ற அச்சம் அவளுக்கு. என் தங்கையின் கையிலிருந்த தட்டு நடுங்கிற்று. சிரித்ததற்காக நான் வெட்கமடைந்தேன்.

அவள் கேட்ட கேள்விக்கு நேர்மையான விடை சொல்ல வேண்டும் என்று அன்றிரவு தீர்மானித்தேன். அந்த விடையே இவ்வாரக் கட்டுரை. மலைநாட்டிலும் பிற இடங்களிலும் இருள் கவிந்த பின் தனியே வீடு திரும்பும் பெண்கள் பலர். அவர்களுக்கும், அவர்களைப் பெற்றோருக்கும், இன்று படித்து நாளை உத்தியோகம் பார்க்கப் போகும் மாணவிகளுக்கும் இது பயன்படலாம்.

பெண்ணுக்குத் துப்பாக்கி வருமா?

முதலில் ஒரு தப்பெண்ணத்தை அகற்றிவிடுவோம். பெண்ணின் கைக்குத் துப்பாக்கி ஒத்துவராது என்பார்கள். அது வீண் பேச்சு.

1943ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது, சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை தாங்கினார். அப்படையில் சேர்ந்தோருள் பெரும் பகுதியினர் மலாயாவின் றப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். இலங்கைத் தமிழ் வம்சாவழியில் ஈப்போவில் பிறந்த ரசம்மா பூபாலன் தம் 16ஆம் வயதில் சேர்ந்தார். அதுவரை துப்பாக்கியைத் தொட்டும் அறியாத அப்பெண்கள் முகாமில் அதைக் கற்றுத் தேர்ந்தார்கள்.

வட இந்தியாவின் ஜோரி கிராமத்தில் வாழ்ந்த சந்திரோ தோமர் என்ற பாட்டியின் கதை இன்னும் வியப்பானது. 1999ஆம் ஆண்டளவில், அறுபது வயதைக் கடந்த பின்னர், பேத்திக்குத் துணையாகத் துப்பாக்கிப் பயிற்சிக் கழகத்துக்குப் போனவர், சும்மா இருக்க மாட்டாமல் தாமும் ஒருமுறை சுட்டுப் பார்த்தார். குறி தப்பவில்லை. வீட்டாருக்குத் தெரியாமல், நீர் நிறைந்த பாத்திரத்தை நீட்டிய கையில் ஏந்திக் கை நடுங்காதிருக்கப் பழகினாராம். பின்னர் பல போட்டிகளில் பதக்கங்கள் பெற்று 2021ஆம் ஆண்டில் காலமானார். நம் நாட்டின் தெஹானி எகொடவெல தோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் பங்குபற்றிய துப்பாக்கி வீராங்கனை என்பதையும் மாணவிகள் அறிந்திருப்பார்கள்.

ஆகவே, திறமை ஆணுக்கோ பெண்ணுக்கோ தனிச் சொத்தன்று. ஆனால் இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஓர் அம்சத்தைக் கவனியுங்கள். ஒருவரும் துப்பாக்கியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீராங்கனையாகிவிடவில்லை. ஆசிரியர் ஒருவரின் கீழ், தோழியர் சூழ, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் பழகினார்கள்.

“பெண்களுக்கென்றே” செய்தவை

பெண்ணுக்கெனத் தனித் துப்பாக்கி விற்பது புதிய தந்திரமன்று. அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெஸன் நிறுவனம் 1902ஆம் ஆண்டிலேயே ‘லேடிஸ்மித்’ என்ற சின்னஞ்சிறு சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. 1989ஆம் ஆண்டில் அப்பெயருக்கு மீண்டும் உயிர் கொடுத்தது.

நமக்கு அண்மையான உதாரணம் இந்தியாவில் உண்டு. 2012ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி டில்லியில், ஓடும் பஸ்ஸினுள் ஓர் இளம்பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை நாம் மறந்திருக்க முடியாது. அவரை ‘நிர்பயா’, அதாவது அச்சமற்றவள், என்று உலகம் அழைத்தது. அப்பெயரை நினைவூட்டும் வண்ணம் 2014ஆம் ஆண்டு ஜனவரியில் கான்பூர் அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற சுழல்துப்பாக்கியைப் பெண்களுக்காக வெளியிட்டது. டைட்டேனியக் கலவையால் ஆனது, எடை ஏறத்தாழ 500 கிராம், ரவை.32 அங்குல அளவு. நகைப்பெட்டி போன்றதோர் அழகிய பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். விலை இந்திய ரூபா 1,22,360.

அந்த விலையைக் கொடுக்கக்கூடிய பெண் யார்? இரவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவளா? அவ்விலைக்குத் துப்பாக்கி வாங்கக்கூடியவளுக்குப் பெரும்பாலும் சொந்த வாகனம் இருக்கும். இக்குறையை இந்தியப் பெண்கள் பலர் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். துப்பாக்கியால் கணவனையும் மகனையும் இழந்த மணிப்பூர்ப் பெண்களுக்காக இயக்கம் நடத்திய பினாலட்சுமி நெப்ராம், பெண்களை ஆயுதம் ஏந்தச் சொல்வது அரசாங்கம் தன் கடமையில் தோற்றதை ஒப்புக்கொள்வதாகும் என்ற கருத்தை வெளியிட்டார்.

நிற்க. நாம் கருவிக்கு வருவோம்.

எதைப் பார்த்துத் தெரிந்தெடுப்பது?

“எடை குறைந்தது, ஆகவே பெண்ணுக்கு ஏற்றது” என்பது விளம்பரங்கள் எல்லாம் பாடும் பாட்டு. இதில் பாதிதான் உண்மை. சுமப்பதற்கு எடை குறைந்தது நல்லது, சுடுவதற்கு அன்று. ரவை முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். விஞ்ஞானப் பாடத்தில் நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்த மாணவர்களுக்கு இது விளங்கும். ஒரே ரவையைச் சுடும் இரு துப்பாக்கிகளுள் ஒன்று மற்றதன் பாதி எடையுள்ளதாயின், அது இருமடங்கு வேகத்தில் கையை உதைக்கும். புதிதாகப் பழகுபவள் இரண்டு மூன்று முறை அவ்வுதையை வாங்கியதும், அடுத்த முறை சுடுமுன்னரே கண்ணை மூடி மணிக்கட்டை இழுத்துவிடுவாள். குறி எங்கோ போய்விடும். நிர்பீக்கில் வன்மை குறைந்த .32 ரவையைப் பயன்படுத்தியதற்கு இவ்வுதையை மட்டுப்படுத்துவதும் ஒரு நன்மையாகும். ஆயினும் நல்ல பயிற்சியாளர்கள், முதலில் பழகுவதற்கு நடுத்தர எடையும் சற்று நீண்ட குழலும் உள்ள துப்பாக்கியையே கையில் கொடுப்பார்கள். குழல் நீண்டிருந்தால் குறி பார்க்கும் இரு முனைகளுக்குமிடையே தூரம் கூடும், பிழை குறையும்.

இரண்டாவது, கைக்குப் பொருத்தம். செருப்பை அளவு பார்க்காமல் வாங்குவோமா? துப்பாக்கியின் பிடியை இறுகப் பற்றி, முன்னங்கையும் குழலும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கையில், சுட்டுவிரலின் நுனிச் சதை விசைவில்லின்மீது இயல்பாகப் படிய வேண்டும். கையைத் திருப்பினால்தான் எட்டுமாயின் அது அவளுக்குரியதன்று. விற்பவரோ கணவரோ அண்ணனோ அவளுக்காகத் தெரிந்தெடுப்பதில் உள்ள குற்றம் இதுதான். அவர்கள் தங்கள் கையை நினைத்துக்கொண்டு தெரிந்தெடுக்கிறார்கள்.

மூன்றாவது, விசைவில்லின் கனம். சுழல்துப்பாக்கியைச் சுத்தியலை முன்கூட்டியே இழுத்து வைக்காமல் சுடுவதற்கு விரல் பொதுவாகப் பத்து இறாத்தல் அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். துப்பாக்கியின் எடையோ ஓர் இறாத்தலுக்குச் சற்று அதிகம். ஓர் இறாத்தல் பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன் ஒரு பகுதியைப் பத்து இறாத்தல் விசையால் இழுப்பது எத்தகைய வேலை என்று எண்ணிப் பாருங்கள். நாள் முழுதும் கொழுந்து கிள்ளிப் பழகிய நம் தாய்மாரின் விரல்களுக்கு வலிமை குறைவில்லை. ஆயினும் வலிமை வேறு, அசையாமை வேறு. பின்னது பழக்கத்தாலன்றி வாராது.

நான்காவது, அமைப்பு. சுழல்துப்பாக்கி எளிது. உருளையைத் திறந்தால் ரவை இருப்பதும் இல்லாததும் கண்ணுக்குத் தெரியும். ஒரு ரவை வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வரும். மற்ற வகையாகிய பிஸ்டலில் ரவைக்கூட்டைக் கழற்றிய பின்னும் குழலின் அடியில் ஒரு ரவை தங்கியிருக்கக்கூடும். “வெறுமை என்று நினைத்தேன்” என்று அழுதவர்களின் கதைகளில் பல இந்த ஒற்றை ரவையால் விளைந்தவை.

ஐந்தாவது, துப்பாக்கியைக் கையில் எடுக்குமுன்னர் மனத்தில் ஏற்ற வேண்டிய நான்கு விதிகள். எந்தத் துப்பாக்கியையும் ரவை நிரம்பியதாகவே கருது. அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும் வரை விரலை விசைமீது வையாதே. குறியையும் குறிக்குப் பின்னால் உள்ளதையும் அறிந்துகொள். இவற்றுள் கடைசி விதியை லயத்தில் வாழ்பவர்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். நம் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே இருப்பது ஒரு சுவர். அதற்கு அப்பால் யாரோ ஒருவரின் குழந்தை உறங்குகிறது.

இவ்வைந்தையும் என் மருமகளுக்கு விளக்கினேன். கொப்பி ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டாள். ஆசிரியை அல்லவா!

ஒன்றரை விநாடி

“சரி மாமா, எல்லாம் கற்றுக்கொள்கிறேன். பிறகு?” என்றாள்.

1983ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொலிஸ் அதிகாரி டெனிஸ் டுவெலர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். 21 அடி தூரத்தில் நிற்கும் ஒருவன் கத்தியுடன் ஓடிவர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்த்தார். ஒன்றரை விநாடி! இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடப் பயின்ற பொலிஸாருக்கே அந்நேரம் மட்டுமட்டு.

என் மருமகளின் நிலையை எண்ணிப் பார்த்தேன். தோளில் கைப்பை, அதற்குள் சோற்றுப் பெட்டி, மாணவர் கொப்பிகள், பணப்பை. ஒரு கையில் குடை. மற்றக் கையில் கைத்தொலைபேசி வெளிச்சம். குளிரில் விரைத்த விரல்கள். பத்தடிக்கு அப்பால் பனித்திரை. அந்நிலையில் கைப்பையின் அடியிலிருந்து துப்பாக்கியை எடுப்பதற்கு எத்தனை விநாடி? எடுத்த பின்னரும், பனியில் தோன்றும் உருவம் பின்தொடர்கிறவனா, அல்லது அவளைத் தேடி வந்த தம்பியா என்று அறிவதற்கு எத்தனை விநாடி? தூக்கம் கலைந்தவன்போல் அவள் என்னைப் பார்த்தாள்.

சட்டம் சொல்வது

இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. அனுமதிப் பத்திரம் இன்றி வைத்திருப்பது கடும் குற்றம். பெற்ற அனுமதியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கைத்துப்பாக்கி விடயத்தில் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். உயிருக்கு உண்மையான அச்சுறுத்தல் உண்டென்று காட்ட வேண்டும். அனுமதி பெற்றவர்களும் நிரந்தரமாக வைத்திருக்கலாம் என்பதில்லை. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தற்காப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காகக் கையளிக்கும்படி அமைச்சு உத்தரவிட்டதை வாசகர்கள் நினைவுகூரலாம். கைத்தொலைபேசி விளம்பரத்தைப் பார்த்துக் கள்ளத்தனமாக ஒன்றை வாங்கினால், பின்தொடர்ந்தவன் வெளியிலும் ஆசிரியை சிறையிலும் இருக்க நேரிடும்.

ஆயின், பெண்ணுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை இல்லையா? உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவு தொடக்கம் 99ஆம் பிரிவு வரை அவ்வுரிமையை விரித்துரைக்கின்றன. பாலியல் வல்லுறவு செய்யும் நோக்கத்துடன் தாக்குபவனைத் தடுக்கையில் அவன் உயிர் போகும்வரைகூட அவ்வுரிமை செல்லும். ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யலாகாது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரமிருக்கும்போது அவ்வுரிமையைக் கோரலாகாது. குடைக்கம்பும் கூச்சலும் நகமும் பல்லும் இந்த உரிமைக்குள் அடங்கியவையே. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம், வல்லவளுக்கும் அப்படியே.

அம்மாயி கேட்ட கேள்வி

இவ்வளவும் பேசிக்கொண்டிருக்கையில், அடுப்பங்கரையில் குளிர் காய்ந்தபடி என் தாயார் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். பேத்தியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏம்மா, அதை வாங்கிக்கிட்டு வந்து இந்த வீட்டுல எங்கே வைப்பே?”

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. ஒரு மூலையில் கட்டில், மறு மூலையில் அலுமாரி. அலுமாரியின் திறப்பு சுவரில் ஆணியில் தொங்குகிறது. வீட்டிலுள்ள எல்லோருக்கும் அது தெரியும். தம்பியின் பிள்ளைகள் இருவர், கையில் அகப்பட்டதையெல்லாம் பிரித்துப் பார்க்கும் வயது. சம்பள நாளில் குடித்துவிட்டு வரும் உறவினர் ஒருவர். பூட்டி வைத்தால் ஆபத்து நேரத்தில் கைக்கு எட்டாது. எட்டும்படி வைத்தால் எல்லோருக்கும் எட்டும்.

நாற்பது வருடத் தோட்ட வாழ்க்கை என் தாயாருக்குக் கற்பித்ததை ஆராய்ச்சிகளும் உறுதி செய்கின்றன. அமெரிக்காவில் ஜாக்குலின் காம்ப்பெல் என்னும் தாதியர் கல்விப் பேராசிரியை, 11 நகரங்களில் கணவனாலோ காதலனாலோ கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். கொடுமை செய்யும் ஆணுக்குத் துப்பாக்கி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், பெண் கொலையுண்ணும் அபாயம் ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது என்பது அதில் ஒன்று. ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீட்டின்படி, 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 85,000 பெண்களும் சிறுமிகளும் வேண்டுமென்றே கொல்லப்பட்டார்கள். அவர்களுள் ஏறத்தாழ 51,100 பேரைக் கொன்றவர்கள் துணைவர்களோ குடும்பத்தவர்களோ ஆவர்.

இதன் பொருள் என்ன? பனியில் வரும் அந்நியனுக்காக நாம் வீட்டுக்குள் கொண்டுவரும் ஆயுதம், வீட்டுக்குள் இருக்கும் கோபத்துக்கும், குடிக்கும், பிள்ளை விளையாட்டுக்கும், மனமுடைந்த ஒரு கணத்துக்கும் சேர்த்தே கொண்டுவரப்படுகிறது. துப்பாக்கிக்குத் தன் எஜமானி யார் என்று தெரியாது.

மருமகள் கொப்பியை மூடினாள். “அப்படியானால் நான் வேலையை விட வேண்டியதுதானா?” என்று கேட்டாள். அவள் குரல் தழுதழுத்தது.

அதற்கும் என் தாயாரே விடை சொன்னார். “நீ எதுக்கு விடணும்? விட வேண்டியவன் அவன்ல!”

பிறகு நடந்தது

மறுநாட் காலை நாங்கள் மூவரும், அவளும் அவள் தாயும் நானும், பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். அவன் பின்தொடர்ந்த திகதிகளையும் நேரங்களையும் இடங்களையும் அவள் முந்திய இரவே எழுதி வைத்திருந்தாள். வாயால் சொல்வதைவிட அது பத்து மடங்கு பயன்பட்டது. முறைப்பாட்டுப் புத்தகத்தில் பதிவான இலக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெண்களுக்குப் பாலியல் தொந்தரவு கொடுப்பது 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் தெளிவான குற்றம் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் கொடுமை நடக்குமாயின், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம்.

பின்னர் நிலைய அதிபரைக் கண்டோம். அதே வண்டியில் வரும் பெண்கள் இன்னும் நால்வர் உண்டென்று அவர் சொன்னார். ஒருவரையொருவர் அறியாமல் நால்வரும் தனித்தனியே அஞ்சிக்கொண்டு நடந்திருக்கிறார்கள்! இப்போது ஐவரும் நிலையத்தில் காத்திருந்து ஒன்றாக நடக்கிறார்கள். ஆளுக்கொரு டோர்ச் லைட், கழுத்தில் ஒரு விசில். இருள் மிகுந்த திருப்பத்தில் விளக்கு வேண்டுமென்று ஐவரும் கையொப்பமிட்டுப் பிரதேச சபைக்கு மனுக் கொடுத்திருக்கிறார்கள். விளக்கு இன்னும் வரவில்லை. வரும்வரை மாதந்தோறும் மனுப் போகும் என்று மருமகள் எழுதியிருக்கிறாள். பின்தொடர்ந்தவனைப் பொலிஸார் அழைத்து விசாரித்த பின்னர் அவன் அவ்வழியில் தென்படவில்லையாம்.

சகோதரிகளே, துப்பாக்கி சுடும் கலையில் உங்களுக்கு விருப்பமுண்டாயின் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். முறையான கழகத்தில், முறையான ஆசிரியரிடம், விளையாட்டாகக் கற்றுக்கொள்ளுங்கள். கண்ணும் கையும் மனமும் ஒருமைப்படும் அருமையான பயிற்சி அது. ஆனால் அச்சத்தின் காரணமாக, அவசரத்தில், அழகிய பெட்டியைப் பார்த்துத் தெரிந்தெடுக்காதீர்கள். அதற்கு முன்னர் ஐந்து கேள்விகளை உங்களுக்குள்ளே கேட்டுப் பாருங்கள். என் கைக்கு இது பொருந்துமா? பழக எனக்குக் காலமும் இடமும் உண்டா? ஆபத்து வேளையில் எடுக்க நேரமிருக்குமா? சட்டம் அனுமதிக்குமா? வீட்டில் இதை எங்கே வைப்பேன்? ஐந்தாவது கேள்வியைத் தாண்டிச் செல்லக்கூடிய லயத்து வீடு ஒன்றையேனும் நான் கண்டதில்லை.

பெற்றோர்களே, உங்கள் மகள் இத்தகைய அச்சத்தைச் சொல்ல வரும்போது “வேலையை விடு, படிப்பை நிறுத்து” என்று முதல் வார்த்தை சொல்லாதீர்கள். அவ்வார்த்தைக்கு அஞ்சியே என் மருமகள் மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. அந்த மூன்று வாரங்களில் எதுவும் நடந்திருக்கலாம் அல்லவா?

மாணவிகளே, மூன்று இலக்கங்களை உங்கள் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வையுங்கள். அவசரத்துக்குப் பொலிஸ்: 119. பெண்களுக்கான உதவி: 1938. சிறுவர்களுக்கான உதவி: 1929. இவற்றுக்கு அனுமதிப் பத்திரம் தேவையில்லை. அலுமாரியில் பூட்டி வைக்கவும் தேவையில்லை.